படகில் பூட்டிய சைக்கிள்

தலைக்கு மேலே 'டங்' என்று ஒரு சத்தம்.

பஸ்ஸில் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஜன்னலோரத்தில் ஒருவர் வாய் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். முன் சீட்டுப் பெண் போனில் யாருக்கோ குழம்புப் பொடிக்கு அளவு சொல்லிக்கொண்டிருந்தார். நானும் நசீமாவும் மட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஏனென்றால் கூரை மேல் இருந்தவை எங்கள் இரண்டு பேருடைய சைக்கிள்கள்.

நான் சைக்கிள் வாங்கிய கதையை இங்கே எழுதியதிலிருந்து உங்களில் பலர் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். "பீச் ரோட்டையே சுத்திச் சுத்தி வந்தா போதுமா மேடம்? பஸ்ல ஏத்தி எங்கயாவது வெளியில கொண்டு போங்களேன்..." கேட்பது சுலபம். போன ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்ப் பார்த்தோம்.

நசீமாவை அறிமுகம் செய்துவிடுகிறேன். முல்லா வீதிப் பக்கம் தையல் கடை வைத்திருக்கிறாள். என் ரவிக்கைகளுக்கு எல்லாம் அவள்தான் பொறுப்பு. தினமும் விடியற்காலையில் பீச் ரோட்டில் என்னோடு சைக்கிள் ஓட்டுகிறவளும் அவள்தான். நாற்பது வயதுக்கு மேல், முட்டியைச் சிராய்த்துக்கொண்டு ஓட்டக் கற்றவள்.

அவள் வாங்கிய முதல் சைக்கிளைப் பெரிய மார்க்கெட் வாசலில் நிறுத்திவிட்டு மீன் வாங்க உள்ளே போனாள். மீனோடு வெளியே வந்தால் சைக்கிளைக் காணோம். இரண்டாவது சைக்கிளுக்கு வீட்டில் சம்மதம் வாங்க அவள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். "இதையும் தொலைச்சிட்டு வந்து நின்னேன்னா, அதோட சைக்கிள் கதை முடிஞ்சுது" என்று கணவர் சொல்லிவிட்டார். விளையாட்டுக்குச் சொல்கிற மனிதர் இல்லை அவர்.

அன்றிலிருந்து நசீமாவின் கையில் கட்டை விரல் தடிமனுக்கு ஒரு சங்கிலிப் பூட்டு. சைக்கிளை எதன் பக்கத்தில் நிறுத்தினாலும் அதோடு சேர்த்துப் பூட்டுவாள். கரண்ட் கம்பம், பார்க் கேட், கடைப் பலகை... பக்கத்தில் நிற்பதால் என் சைக்கிளும் அதே சங்கிலிக்குள் வந்துவிடும். ஒருமுறை டீக்கடைக்காரர் பெஞ்சை நகர்த்த முடியாமல் எங்களைத் தேடிக்கொண்டு கடற்கரைக்கே வந்துவிட்டார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வீராம்பட்டினம் கடற்கரைக்குப் போவதாகத் திட்டம். சைக்கிளிலேயே போகிற தூரம்தான். ஆனால் இடையில் இருப்பது கடலூர் ரோடு. மணல் லாரி ஒன்று பின்னாலிருந்து ஹாரன் அடித்தால் எனக்கு ஹேண்டில்பார் தானாக ஆட ஆரம்பித்துவிடும். அதனால் அரியாங்குப்பம் வரை பஸ், அங்கிருந்து சைக்கிள், திரும்பும்போது ஆற்றைப் படகில் கடந்து தேங்காய்த்திட்டு வழியாக வீடு என்று நானே ரூட் போட்டேன். லாரியே கண்ணில் படாத ரூட். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பின்னால் ஏணி வைத்த பழைய பஸ் ஒன்று கிடைத்தது. கண்டக்டர் எங்களையும் சைக்கிள்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மேல போட்டுக்குங்க. ஆனா வுழுந்துச்சு, வளைஞ்சுதுன்னு எங்கிட்ட வரக் கூடாது."

லோடுமேன் ஒருவர் ஏற்றிப் படுக்க வைத்து, நைலான் கயிற்றால் கேரியரோடு இறுக்கிக் கட்டினார். நசீமாவுக்கு அது போதவில்லை. சல்வாரை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறி, சங்கிலியைப் போட்டுப் பூட்டிவிட்டு வந்தாள்.

"ஓடற பஸ் மேல எந்தத் திருடன்மா ஏறப் போறான்?" என்றேன்.

"கயித்த அவுக்கறதுக்கு எவ்ளோ நேரம்க்கா ஆவும்?" என்றாள்.

பஸ் கிளம்பியது. அதன் பிறகு நான் ஜன்னல் வழியாக ஊரைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு வேகத்தடையிலும் மேலே 'டங்'. ஒவ்வொரு மரக்கிளையும் கூரையை உரசும்போது 'சர்ர்ர்'. கயிறு அவிழ்ந்திருக்குமோ? பின்பக்கக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பஸ்ஸை ஒட்டியபடி ஒரு ஸ்கூட்டர். ஓட்டுபவரின் கால்களுக்கு நடுவில் ஒரு குழந்தை நின்றுகொண்டு வந்தது. என் சைக்கிள் சரிந்தால் நேராக அந்தக் குழந்தை மேல்தான் விழும். அந்த ஸ்கூட்டர் விலகிப் போகிறவரை கண்ணை எடுக்கவில்லை. லாரிக்குப் பயந்து பஸ் ஏறியவள், இப்போது நானே இன்னொருவருக்கு லாரியாக வந்துகொண்டிருந்தேன்.

அரியாங்குப்பம் வந்தது. நசீமா மேலே ஏறினாள். கயிற்றை அவிழ்த்தாகிவிட்டது. பூட்டு? சாவி ஹேண்ட்பேக்கில். ஹேண்ட்பேக்கில் என்னவெல்லாம் இருந்தது என்று அன்றுதான் பார்த்தேன். இஞ்ச் டேப், நூல்கண்டு, பட்டன் பாக்கெட், யாருடைய அளவு ரவிக்கையோ ஒன்று... எல்லாவற்றையும் அவள் கூரை மேல் கொட்டித் தேடிக்கொண்டிருந்தபோது முன்னால் கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார்.

பஸ் நகர்ந்தது. நசீமா மேலே.

பஸ்ஸின் உடம்பை இரண்டு கைகளாலும் அறைந்துகொண்டே பின்னால் ஓடினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. கொஞ்ச தூரம் போய் பஸ் நின்றது. டிரைவர் தலையை நீட்டி ஏதோ சொன்னார். அதை இங்கே எழுத முடியாது. நசீமா கேரியர் கம்பியைக் கட்டிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

இறங்கி, சைக்கிள்களையும் இறக்கி, சோடா குடித்த பிறகு அவள் சொன்னாள்: "தப்பு எம்மேலதான்க்கா. சாவிய பேக்ல போட்டிருக்கக் கூடாது."

தப்பு சாவியிலா இருந்தது, பூட்டிலா? நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். அவள் தன் டாப்ஸுக்கு உள்பக்கம், நெஞ்சருகே, தானே தைத்து வைத்திருந்த ஒரு சின்ன பாக்கெட்டில் சாவியைப் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டாள். மார்க்கெட் கூட்டத்துக்காகத் தைத்த பாக்கெட். ஒருத்தனும் கை வைக்க முடியாது. "இனிமே தேட வேண்டிய வேலையே இல்ல, பாருங்க" என்றாள். நானும் தலையாட்டினேன்.

வீராம்பட்டினத்தில் கடல் பார்த்தோம், சுண்டல் சாப்பிட்டோம், போட்டோ எடுத்துக்கொண்டோம். அந்தக் கொஞ்ச நேரம்தான் அன்றைக்கு நல்ல நேரம்.

பிறகு ஆற்றங்கரை. எதிர்க்கரையில் துறைமுகம் தெரிந்தது. அவ்வளவு பக்கம். கூப்பிட்டால் கேட்கும் போல இருந்தது. மோட்டார் வைத்த ஃபைபர் படகு ஒன்றில் மீன் கூடையோடு இரண்டு பெண்கள் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். படகுக்காரர் சைக்கிள்களைத் தூக்கி உள்ளே வைத்தார். எங்களைப் பார்த்ததுமே டவுன்காரிகள் என்று தெரிந்திருக்கும். இரண்டு ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட்டை எடுத்துக் கொடுத்தார். எனக்குக் கொடுத்ததில் பக்கிள் இருந்தது. நசீமாவுடையதில் பக்கிள் உடைந்திருந்தது. அவரே வாரை இழுத்து, அவள் இடுப்பருகே சுருக்கென்று ஒரு முடிச்சுப் போட்டார். மீன்பிடிக்கிறவர் போட்ட முடிச்சு... அது நாமாக அவிழ்க்கிற முடிச்சு இல்லை.

அவர் என்ஜின் பக்கம் திரும்பியதும் நசீமா வேலையைக் காட்டினாள். இரண்டு சைக்கிளையும் படகின் ஓரத்தில் சாய்த்து, அங்கிருந்த இரும்பு வளையத்தோடு சங்கிலியைக் கோர்த்துப் பூட்டிவிட்டாள்.

கூடைக்காரப் பெண்களில் பெரியவர் அதைப் பார்த்துவிட்டார். "இன்னாம்மா இது, தண்ணிக்குப் போயி பூட்டு போடற?"

"ஆட்டத்துல தண்ணிக்குள்ள விழுந்துடக் கூடாது பாருங்க" என்றாள் நசீமா.

ஆற்றின் நடுவில் வரும்வரை சுகமாகத்தான் இருந்தது. முகத்துவாரத்துப் பக்கமிருந்து ஒரு விசைப்படகு துறைமுகத்துக்குள் வேகமாக வந்தது. அதன் பின்னாலேயே இன்னொன்று. முதல் படகு எங்களைத் தாண்டிப் போனதும், அது கிளப்பிய அலை பக்கவாட்டில் வந்து மோதியது.

எங்கள் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சைக்கிள்கள் இருந்த பக்கம்.

இரண்டு சைக்கிளும் ஒன்றாகச் சரிந்து, ஹேண்டில்பார்கள் விளிம்பைத் தாண்டி வெளியே தொங்கின. சாய்ந்த படகு முழுக்க நிமிரவில்லை. விளிம்புக்கும் தண்ணீருக்கும் ஒரு சாண்கூட இல்லை. நான் நீச்சல் தெரியாதவள். நசீமாவும்தான். எனக்கு அந்த நேரத்தில் கடவுள் பெயர்கூட வாயில் வரவில்லை.

"அந்த சைக்கிள நடுவுல இழுத்துப் படுக்கப் போடுங்க. அடுத்த அல வருது" என்றார் படகுக்காரர். கத்தவில்லை. அந்தக் குரல்தான் இன்னும் பயமாக இருந்தது.

"பூட்டியிருக்குண்ணே" என்றேன்.

"தொறங்க."

நசீமாவின் கை நெஞ்சுக்குப் போனது. ஆரஞ்சு ஜாக்கெட் மேல் போய் நின்றது. சாவி ஜாக்கெட்டுக்கு உள்ளே, டாப்ஸுக்கும் உள்ளே, ஜிப்புக்குள் இருந்தது. முடிச்சை அவிழ்த்து ஜாக்கெட்டைக் கழற்றினால்தான் சாவி வரும். சாவி வந்தால்தான் சைக்கிள் நகரும். சைக்கிள் நகர்ந்தால்தான் படகு நிமிரும்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு முடிச்சைப் பிய்க்க ஆரம்பித்தாள்.

இப்போதும் என் கண் முன்னால் நிற்பது அந்த விரல்கள்தான். ஊசியில் நூல் கோர்க்க ஒரு விநாடிகூட ஆகாத விரல்கள், அந்த வாரில் வழுக்கி வழுக்கித் தடுமாறின. இரண்டாவது அலை வருவது எனக்குத் தெரிந்தது. அது வரும் நேரத்தில் இவள் ஜாக்கெட் இல்லாமல் இருப்பாள்.

அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன். "கழட்டாத நசீமா. படகு கவுந்தா கவுரட்டும். நீ அதக் கழட்டாத."

"எல்லாருக்கும் சேத்துதான்க்கா... விடுங்க" என்றாள். அழுதுகொண்டிருந்தாள். கையைப் பிடுங்கிக்கொள்ளப் பார்த்தாள். நான் விடவில்லை. நான் செய்தது சரியா, தவறா? படகில் இருந்த மற்றவர்களின் உயிரையும் சேர்த்துத்தான் நான் முடிவு செய்துகொண்டிருந்தேன். யோசித்தெல்லாம் செய்யவில்லை. பயத்தில் செய்தேன்.

பெரிய கூடைக்காரி எங்கள் இரண்டு பேரையும் தோளோடு பிடித்து எதிர்ப்பக்கம் இழுத்தார். "ரெண்டு பேரும் இப்டி வாங்க. குந்துங்க. நின்னா எல்லாரும் போயிடுவோம்." எல்லோருமாக ஒரு பக்கம் ஒடுங்கிக் குந்தினோம். மீன் கூடையும் எங்கள் மடிக்கு வந்தது. படகுக்காரர் என்ஜினைத் தணித்து, படகின் மூக்கை அலைக்கு நேராகத் திருப்பினார்.

அலை வந்தது. முன்பக்கம் தூக்கி, தொப்பென்று போட்டது. தண்ணீர் உள்ளே அடித்து இடுப்பு வரை நனைந்தோம். நசீமா கண்ணை மூடி ஓதிக்கொண்டே இருந்தாள். அவள் நகங்கள் என் கையில் பதிந்தது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

பிறகு... ஒன்றும் இல்லை. படகு ஆடி ஆடி நின்றது. என்ஜின் திரும்பவும் உறுமியது. படகுக்காரர் ஒரு டப்பாவைக் காலால் எங்கள் பக்கம் தள்ளிவிட்டார். தண்ணீரை மொண்டு மொண்டு வெளியே ஊற்றினேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். படகில் சைக்கிளை நடுவில் படுக்க வையுங்கள். பூட்டாதீர்கள். கட்டியே ஆக வேண்டும் என்றால், ஒரே இழுப்பில் அவிழ்கிற மாதிரிக் கட்டுங்கள். பஸ் என்றால், இறங்கும் இடத்தை டிரைவர், கண்டக்டர் இருவரிடமும் சொல்லி வையுங்கள். ஒருத்தர் மேலே இருக்கும்போது இன்னொருத்தர் கண்டக்டர் பக்கத்திலேயே நில்லுங்கள். இதெல்லாம் எனக்குப் போன ஞாயிற்றுக்கிழமை காலையில் தெரியாது.

பயம் இல்லாமல் இருக்கச் சொல்லவில்லை. பயம் நல்லதுதான். ஆனால் ஒன்று கவனித்தீர்களா? அது எப்போதும் போன தடவை நடந்ததற்கே காவல் காக்கிறது. சைக்கிள் திருடு போனது, பூட்டு வந்தது. சாவி தேடுவதற்குள் பஸ் கிளம்பியது, உள்பாக்கெட் வந்தது. அடுத்து வரப்போவது என்ன என்று பயத்துக்கு எப்படித் தெரியும்? அது பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. நசீமாவுக்கு மட்டும் சொல்லவில்லை. லாரியே இல்லாத ரூட் போட்டவள் நான்தானே?

கரையேறியதைச் சொல்லவில்லையே. படகு தேங்காய்த்திட்டுக் கரை மணலில் முட்டி நின்றது. நான் இறங்கியதும் முதல் வேலையாக ஜாக்கெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். நசீமா கழற்றவில்லை. அந்தப் பக்கம் போக ஆட்கள் காத்திருந்தார்கள். சைக்கிள்கள் இன்னும் படகோடு பூட்டியபடியே கிடந்தன.

"கரைக்கு வந்தாச்சே, கழட்டும்மா. சாவிய எடு" என்றார் படகுக்காரர்.

"இருங்கண்ணே" என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள். மணலைத் தாண்டி, மேட்டைத் தாண்டி, தார் ரோடு வரைக்கும் நடந்தாள். ரோட்டில் நின்று காலால் தரையை ஒருமுறை தட்டிப் பார்த்தாள். அதன் பிறகுதான் எங்கள் பின்னாலேயே மேடேறி வந்த பெரிய கூடைக்காரியிடம் முடிச்சைக் காட்டினாள். அவர் அவிழ்த்துவிட்டார். நசீமா திரும்பி நின்று, உள்ளே கைவிட்டு, சாவியை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"நீங்க போய்த் தொறந்துட்டு வாங்கக்கா. என்னால அதுல கால் வெக்க முடியாது."

படகைக் கரையில் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். தண்ணீர் கணுக்கால் அளவுதான்.

நான் ஜாக்கெட்டைத் திரும்ப மாட்டிக்கொண்டு, பக்கிளை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் போனேன்.