பதினொன்றைப் பார்க்காதவள்

மில்லின் சங்கு பழுதாகி மூன்று நாள் ஊதாமல் கிடந்தபோது, ஷிப்ட் மாறும் நேரத்தைச் சொல்ல மேனேஜர் அவளைத்தான் மொட்டைமாடியில் ஏற்றிவிட்டார். அவள் "கிளம்பலாம்" என்று ஒரே ஒரு குரல் கொடுத்தாள். மில்லிலிருந்த நானூறு பேர் வெளியே வந்தார்கள். பக்கத்து பிஸ்கட் தொழிற்சாலையிலிருந்தும் இருநூறு பேர் வந்தார்கள். எதிரே பள்ளிக்கூடத்தில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்த பிள்ளைகள் பேப்பரைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கே போய்விட்டார்கள். அந்த வருஷம் ஒரு வகுப்பு முழுக்கக் கணக்கில் பெயிலானதற்கு அவள்தான் காரணம் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். அன்றிலிருந்து அவளுக்குச் சங்கு என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் தங்கிவிட்டது.

வார நாட்களில் சங்குவுக்கு நூற்பு இயந்திரங்களோடு வேலை. இரண்டு வரிசைக்கும் நடுவே நடந்துகொண்டே இருப்பாள். இழை அறுந்த இடத்தில் குனிந்து ஒட்டிவிட்டு மறுபடி நடப்பாள். அந்த இரைச்சலில் காது வெறும் தோடு மாட்டுவதற்குத்தான் உதவும். எதிரில் இருப்பவரின் உதட்டையும் புருவத்தையும் பார்த்துத்தான் பேச்சே நடக்கும். சூப்பர்வைசர் பத்தடிக்கு அப்பால் வாய்க்குள் முணுமுணுத்தாலும் அவளுக்கு அச்சடித்த மாதிரி தெரிந்துவிடும். அதனால் அந்தப் பக்கம் வந்த சூப்பர்வைசர்கள் அவளை மனசுக்குள் மட்டும் திட்டிக்கொண்டு போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் மில் அணியின் கேலரியில் ராணி. கால்பந்து மைதானத்தின் கிழக்குப் பக்கம், முன்வரிசைக்கும் முன்னால் ஒரு இரும்புக் கம்பி உண்டு. அதன் மேல் ஏறி நின்று அறுநூறு பேரைக் கத்த வைப்பது அவள் வேலை. அதற்கு ஒரு விதி இருந்தது. கம்பியில் ஏறுகிறவர் கூட்டத்தைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும், ஆட்டத்தைப் பார்க்கக் கூடாது. எப்போது பாட வேண்டும், எப்போது ஊளையிட வேண்டும் என்பதை ஜனங்களின் முகத்தைப் படித்தே சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக அவள் மைதானத்துக்கு முதுகைக் கொடுத்தே நின்றாள். வீட்டுக்கு வந்த பிறகு, எலக்ட்ரீஷியனான அவள் கணவர் சாப்பாட்டு மேசையில் டம்ளர்களை நகர்த்தி, யார் எங்கிருந்து கோல் அடித்தார் என்று காட்டுவார். அவளுக்குத் தெரிந்த கால்பந்து முக்கால்வாசி எவர்சில்வர்தான்.

எதிரி என்றால் துறைமுக அணி. அந்த அணியில் பெரிய எதிரி, பதினொன்றாம் எண் சட்டைக்காரன். இடது ஓரத்திலிருந்து கிளம்பி மில் அணியின் வலையைப் பதினான்கு வருஷம் பொத்தலாக்கியவன். அவனுக்கென்றே அவள் கட்டிய பாட்டு, "பதினொண்ணு பதினொண்ணு, பல்லு விளக்காப் பதினொண்ணு." அறுநூறு தொண்டையிலிருந்து அது கிளம்பும்போது துறைமுகத்தில் கப்பல்கள் நங்கூரத்தோடு அரை அடி நகர்ந்தன என்பார்கள். அவனும் சளைத்தவனல்ல. கோல் அடித்ததும் தன் ஆட்களை விட்டுவிட்டு நேரே கிழக்குப் பக்கம் ஓடிவந்து, அவள் முதுகுக்குப் பின்னால் குனிந்து வணக்கம் போடுவான். அவள் திரும்பவே மாட்டாள்.

ஆட்டத்தை விட்டு ஐந்து வருஷம் ஆகியிருந்த அவன், ஒரு புதன்கிழமை காலை குளியலறையில் மாரடைப்பு வந்து செத்துப்போனான். மில்லில் ஒருத்தன் மிட்டாய் வாங்கி நீட்டினான். சங்கு அதை வாங்கி, அவன் கண்ணெதிரே பஞ்சுக் கழிவுக் கூடையில் போட்டாள்.

மறுநாள் நாத்தனார் வந்தாள். அவள் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவனைக் கட்டிக்கொண்டு அந்த அணியோடும் சேர்த்துத் தாலி கட்டிக்கொண்டவள். ஆட்டம் நடக்கிற வாரங்களில் இருவரும் நேரே பேசிக்கொள்வதில்லை. நடுவில் எலக்ட்ரீஷியன்தான் கம்பி. அன்றைக்கு அவள் அண்ணனைத் தாண்டி நேரே சமையலறைக்கு வந்து, ஒரு நோட்டீசை மேடைமேல் வைத்தாள். துறைமுகத் தொழிற்சங்கக் கூடத்தில் ஞாயிறு பகல் இரங்கல் கூட்டம். எதிரணியிலிருந்தும் ஒருவர் பேசினால் அவனுக்குக் கௌரவம் என்று நினைத்திருக்கிறார்கள்.

"நீங்க வர மாட்டீங்கன்னுதான் எல்லாரும் சொன்னாங்க, அண்ணி. பயந்துடுவாங்கன்னாங்க."

சங்கு நோட்டீசைப் படித்தாள். எறும்புக்கும் தீங்கு நினைக்காத உத்தமர், சாந்த சொரூபி என்றெல்லாம் போட்டிருந்தது. எங்கள் கேப்டனின் கால் விரலை ஆணிப் பூட்சால் மிதித்து நகத்தைப் பிய்த்தவன் சாந்த சொரூபியாம். அவளுக்குக் காது மடல் சிவந்துவிட்டது.

"வர்றேன்னு சொல்லு. ஆனா அழறதுக்கு வரல."

செய்தி அவளுக்கு முன்னால் மருந்துக்கடைக்குப் போய்விட்டது. மருந்துக்கடைக்காரர்தான் கேலரிக் கமிட்டியின் தலைவர். இருமல் மருந்துக்கும் வயிற்று மருந்துக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு அறுநூறு பேரை ஆண்டுவந்தார். அடுத்த வாரமே துறைமுக அணியோடு ஆட்டம் இருக்கிறது, இந்த நேரத்தில் அங்கே போய் மூக்கைச் சிந்தினால் நம் மானம் என்னாவது என்று கேட்டார். அவள் திட்டத்தான் போகிறேன் என்றாள். செத்தவனைத் திட்டினால் அதுவும் கேவலம் என்றார். கடைசியில் தராசு முள் மாதிரி விரலை நீட்டி முடித்துவிட்டார்.

"போறது உங்க இஷ்டம். போனா கம்பி உங்களுக்கு இல்ல."

அந்தக் கம்பியைத் தவிர அவளுக்கென்று உலகத்தில் ஓர் இடம் இருந்ததா என்றால், சந்தேகம்தான். மில்லில் இரண்டு இயந்திரங்களுக்கு இடையில் நாலடிச் சந்து. வீட்டில் அடுப்புக்கும் குளிர்பெட்டிக்கும் இடையில் மூன்றடி. நிமிர்ந்து நிற்க வாய்த்தது கம்பி மட்டும்தான். ஆனாலும் ஞாயிறு பகல் நல்ல சேலையாக எடுத்துக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். கணவர் கூட வருகிறேன் என்றதற்கு, ஒரு வீட்டில் ஒரு ஆள் அடி வாங்கினால் போதும் என்றாள்.

கூடத்தில் நாற்காலிகள் நிறைந்திருந்தன. அவள் நுழைந்ததும் பேச்சு நின்றது. வழிவிட வேண்டியவர்கள் காலை நீட்டி வைத்துக்கொண்டார்கள். பின்னாலிருந்து யாரோ பல்லு விளக்காப் பாட்டை மெதுவாக முனகினார்கள். துறைமுக அணியின் செயலாளர் ஒரு சலூன்காரர்; கத்தியைத் தீட்டுகிற மாதிரியே பேசுவார். அவர் கூப்பிட்டதும் சங்கு மேடையேறி, மைக்கைத் தள்ளி வைத்துவிட்டு, கேப்டனின் நகத்தில் தொடங்கி, நடுவரை ஏமாற்றி வாங்கிய பெனால்டி, பந்து எடுத்துப் போடும் பையனை அறைந்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். நாலாவது குற்றத்தில் சலூன்காரர் எழுந்தார்.

"எதைம்மா பார்த்தீங்க? பதினாலு வருஷமும் எங்க ஆளுக்கு முதுகைத்தானே காட்டிட்டு நின்னீங்க? அவன் அடிச்ச கோல்ல ஒண்ணாவது பார்த்திருக்கீங்களா?"

கூடம் சிரித்தது. நாத்தனார்கூடச் சிரித்தாள், பிறகு சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாகச் சங்குவுக்குச் சத்தம் வரவில்லை. வந்தபோது சாதாரண மனுஷியின் குரலாக இருந்தது.

"பார்க்கல. ஒண்ணுகூடப் பார்க்கல. உங்க டீம்ல வேற எவன் பந்தை வாங்கினாலும் எங்க ஆளுங்க காது குடைவாங்க, செருப்பைத் தேடுவாங்க. இவன் வாங்கினா மட்டும் அறுநூறு பேரும் மூச்சை உள்ள இழுத்துட்டு வெளிய விட மாட்டாங்க. எனக்கு எதிர்ல காத்தே இருக்காது. பக்கத்துல நிக்கிறது யாருன்னே தெரியாம தோளைப் பிடிச்சுக்குவாங்க. பதினாலு வருஷம் எங்களை அந்தப் பாடு படுத்தினவன் எறும்புக்குத் தீங்கு நினைக்காதவனா? நோட்டீசைக் கிழிச்சுப் போடுங்க. அவன் அயோக்கியன். அவனை நல்லவனாக்கி என்கிட்டேருந்து பிடுங்காதீங்க."

முன்வரிசையில் இருந்த அவன் மனைவி எழுந்தாள். தபால் அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். கவுண்டரில் படிவத்தைத் திருப்பித் தருகிற அதே முகம்.

"உங்க மேட்ச் அன்னைக்கு மட்டும் ரெண்டு தடவை பல்லு விளக்கிட்டுப் போவாரு. அதை நான் மன்னிக்க மாட்டேன்" என்றாள். "ஒரு தடவை திரும்பியிருக்கலாமே. அதுக்காகவே அங்க ஓடி வருவாரு."

"திரும்பியிருந்தா அவன் ஜெயிச்ச மாதிரி ஆயிருக்கும்."

"அவரும் அதையேதான் சொன்னாரு."

நீட்டிய கால்களைத் தாண்டித் தாண்டித்தான் சங்கு வெளியே வர வேண்டியிருந்தது.

யாரோ போனில் படம் பிடித்திருந்தார்கள். நகமும் பெனால்டியும் அதில் இல்லை. மூச்சை இழுத்த பகுதி மட்டும் இருந்தது. திங்கட்கிழமை சாயங்காலம் மருந்துக்கடையில் விசாரணை. எதிரியைப் புகழ்ந்தாள், நம்மைப் பயந்தாங்கொள்ளிகள் என்றாள் என்று இரண்டு குற்றம். பயந்தீர்களா இல்லையா என்று அவள் கேட்டதற்குக் கமிட்டி ஆட்கள் மருந்து டப்பாக்களில் விலையைப் படித்துக்கொண்டிருந்தார்கள். கம்பி ஜிம் வாத்தியாருக்குப் போனது. அவருக்கு மார்பும் இருந்தது, பேட்டரி போட்ட ஒலிபெருக்கியும் இருந்தது.

அந்த ஞாயிறு அவள் வீட்டில் இருப்பாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து ஏழாவது வரிசையில், கணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பக்கமும் இருந்தவர்கள் ஒரு இடம் தள்ளி உட்கார்ந்தார்கள். அவள் கண்ணுக்கு எதிரே, பச்சையாக, டம்ளர்கள் எதுவும் இல்லாமல், மைதானம் விரிந்து கிடந்தது. இவ்வளவு தூரமா ஓடுகிறார்கள் என்று கேட்டாள். கணவர், பின்னே நம்ம மேசை அளவுக்கா ஓடுவாங்க என்றார். துறைமுக அணியின் புதிய பதினொன்றுக்காரன் இடது ஓரத்தில் பந்தை வாங்கி, தன் காலிலேயே தடுக்கி விழுந்தான். சங்கு வாயைத் திறந்தாள். உடனே மூடிக்கொண்டாள். அவனைத் திட்டினால் பாட்டுக்குத்தான் அவமானம்.

கம்பி மேல் ஜிம் வாத்தியார் படாத பாடு பட்டார். பின்னால் சத்தம் கேட்டாலே கழுத்து திரும்பிவிடும். திரும்பினால் கூட்டம் கையிலிருந்து நழுவிவிடும். நடுவர் ஊதியதை நமக்கு ஃப்ரீ கிக் என்று நினைத்து அறுநூறு பேரையும் ஆர்ப்பரிக்க வைத்தார். அது துறைமுக அணி கோல் அடித்ததற்கான விசில். மேற்கு கேலரியில் துறைமுக ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இடைவேளைக்குள் கிழக்குப் பக்கத்தில் ஆளுக்கொரு பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவது பாதி தொடங்கி ஐந்தாவது நிமிஷம் மருந்துக்கடைக்காரர் படியேறி ஏழாவது வரிசைக்கு வந்தார். வியர்த்திருந்தார். மன்னிப்பு என்ற சொல்லை மட்டும் சுற்றிக்கொண்டு மற்ற எல்லாச் சொல்லையும் சொன்னார். நிலைமை சரியில்லை, கமிட்டி பெரிய மனசு பண்ணத் தயாராக இருக்கிறது, இன்றைக்கு மட்டும் என்றாலும் பரவாயில்லை என்று அடுக்கிவிட்டு அவள் முன்னால் குனிந்தார்.

"வந்து ஏறுங்கம்மா. உங்க இடம்தானே அது."

அப்போது அவள் கணவர் பக்கத்தில் யார் தோளையோ எட்டிப் பிடித்தார். ஏழாவது வரிசை மூச்சை உள்ளே இழுத்தது. மில் அணியின் ஒல்லிப் பையன் ஒருவன் பந்தோடு வலது ஓரத்தில் கிளம்பியிருந்தான். அதற்கு மேல் மருந்துக்கடைக்காரரின் சட்டைதான் தெரிந்தது.

"தள்ளுங்க, மறைக்குது" என்றாள் சங்கு.