அன்று சோறு போடவில்லை

போன வருஷம் மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஏரலுக்குப் பக்கத்தில், தாமிரபரணிக் கால்வாய்த் தண்ணீர் வந்து நிறையும் ஒரு குளத்தங்கரையில்தான் எங்கள் ஊர். குளத்துக்குள் நிற்கிற கருவேல மரங்களில் நாரைகள் கூடு கட்டும். பார்க்க வருகிறவர்களைக் கரையோரம் கூட்டிப் போய்க் காட்டுவதும், மதியம் மீன்குழம்புச் சோறு போடுவதும் எங்கள் மகளிர் குழுவின் வேலை. பல வீடுகளில் அந்த வருமானத்தில்தான் அடுப்பு எரிகிறது.

கூட்டில் குஞ்சு இருக்கும் காலத்தில் எங்கள் ஊரில் வெடி கிடையாது, கொட்டுமேளம் கிடையாது. அதற்கு முந்தைய மாதம்தான் என் மகளுக்குக் கல்யாணம் முடிந்திருந்தது. இது என்ன எழவு வீடா என்று மாப்பிள்ளை வீட்டார் என் காதுபடவே பேசினார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அன்றைக்கு வந்த வேன், சென்னையிலிருந்து மாதாமாதம் ஆட்களைக் கூட்டி வருகிற ஒருவருடையது. அவரை நம்பித்தான் புதுப் பாத்திரமெல்லாம் வாங்கிப் போட்டிருந்தோம். நான் குழம்பை இறக்கிக்கொண்டிருந்தபோது கரையில் சரவெடி வெடித்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் வானம் முழுக்க நாரைகள். மரத்தடித் தண்ணீரில் இறகு முளைக்காத குஞ்சுகள் விழுந்து கிடந்தன. அந்த மனுஷர் போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் உக்காந்தே இருந்துச்சு. பறக்குற மாதிரி ஒண்ணு வேணும்ல" என்றார், சிரித்துக்கொண்டே.

நேரே அவர் முன்னால் போய் நின்றேன். "எம் மக கல்யாணத்துக்கே ஒரு வெடி போடல அண்ணாச்சி. ஒங்க படத்துக்கு இங்கன வந்து போடுதியளோ? சோறு கெடையாது, கெளம்புங்க."

குழுத்தலைவி எனக்கு மதினி முறை. என் கையைப் பிடித்து இழுத்து, "பைய பேசு. இவரு போயிட்டா அப்புறம் யாரு வருவா?" என்றார். மதினி பயந்ததில் தப்பில்லை. ஆனாலும் நான் குழம்புச் சட்டியை மூடிவிட்டேன். அதைத் திறக்க எங்களில் ஒருத்தியும் வரவில்லை, மதினியும் வரவில்லை. வந்தவர்கள் பசியோடுதான் போனார்கள்.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினோம். எடுத்த குஞ்சுகளில் பாதிக்கு உயிர் இல்லை. மிச்சத்தைக் கூண்டில் வைத்து, பச்சை மீன் ஊட்டிப் பார்த்தோம். தேறியவை கொஞ்சம்தான்.

அந்தச் சென்னைக்காரர் அப்புறம் வரவே இல்லை. மரியாதை தெரியாத ஊர் என்று இணையத்தில் எழுதிப் போட்டாராம். மரியாதையைப் பற்றி அவர் பேசுகிறார். ரொம்ப நாள் வேன் எதுவும் வராமல், குழுவில் பலர் வாழைத்தோட்டக் கூலிக்குப் போனோம். மதினி ஒருநாள்கூட என்னைக் குத்திக்காட்டவில்லை.

இப்போது மறுபடி ஆட்கள் வர ஆரம்பித்திருக்கிறார்கள். என் கோபம் மட்டும் இன்னும் ஆறவில்லை. யார் வந்து இறங்கினாலும் வாய் "வாங்க" என்று சொல்லும்போதே, என் கண் முதலில் அவர்கள் கையில் என்ன இருக்கிறது என்றுதான் பார்க்கிறது.