அட்டையில் உட்கார்ந்த அதிகாரி

அந்தப் போலீஸ் அதிகாரியின் பெயர் எனக்குத் தெரியாது. உயரமான அரபி, நரைத்த தாடி. எவ்வளவு வெயில் அடித்தாலும், யாரிடமாவது பேசுவதென்றால் முதலில் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிடுவார்.

துபாய் முழுக்கக் கட்டிடம் எழும்பிக்கொண்டிருந்த வருடங்கள். சோனாப்பூரில் எங்கள் தொழிலாளர் கேம்ப்புக்குத் தண்ணீர் வரவில்லை என்று ஆட்கள் டியூட்டிக்குப் போகாமல் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். தடியும் துப்பாக்கியுமாகப் போலீஸ் வந்து நின்றது. ராணுவ உளவுப் பிரிவு ஹெலிகாப்டரிலிருந்து எடுத்த படமொன்று அந்த அதிகாரியின் கைக்கு வந்தது. எல்லாரும் கேடயம் வைத்திருக்கிறார்கள், அடித்துக் கலைப்பதுதான் வழி என்று கூடவே தகவல்.

கேம்ப் கிளார்க்கான என்னைக் கூப்பிட்டார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படத்தைக் காட்டி, "பாய், இது என்ன?" என்று இந்தியில் கேட்டார்.

"அட்டை சார். ஏசி வந்த பெட்டியைக் கிழிச்சது. மதியம் சைட்டுல போட்டுப் படுப்பாங்க."

அவர் துப்பாக்கியைப் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்துவிட்டு, என்னோடு கூட்டத்துக்குள் நடந்தார். பெரம்பலூர்க்காரர் ஒருவர் நகர்ந்து தன் அட்டையில் இடம் விட்டார்.

"உக்காருங்க சார், தார் சுடுது."

உட்கார்ந்தார். அங்கிருந்தே தண்ணீர் லாரிக்குப் போன் போட்டார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது, அவரை நினைத்தும் எங்கள் ஆட்களை நினைத்தும்.

கேடயங்களைப் பறிமுதல் செய்தாயிற்றா என்று வயர்லெஸ்ஸில் ராணுவத்தார் கேட்டார்கள். அந்த அளவுக்கு எனக்கு அரபி புரியும்.

"ஒன்றின்மேல் நான் உட்கார்ந்திருக்கிறேன். கலாஸ், முடிந்தது," என்றார்.

பெரம்பலூர்க்காரருக்கு அதைத் தமிழில் சொன்னேன். அதன்பிறகு அந்த அட்டையில் அவர் யாரையும் படுக்க விட்டதில்லை. கேட்டால், "இது கேடயம்யா," என்பார்.