மேல்வரிசையில் உட்காரும் ஆள்

வென்டல் ஸ்ட்ரூப் ஆட்டம் பார்க்கிற விதமே வேறு. ஊரெல்லாம் பந்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது இவர் பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருப்பார். வாய் நிறையச் சூரியகாந்தி விதை, தோலைத் துப்ப ஒரு காகிதக் கோப்பை, மேல்வரிசையில் ஓரமாக ஓர் இடம். பயிற்சியாளர் வெளியே இழுத்து உட்கார வைத்த பையன் துண்டைச் சுருட்டி எறிகிறானா, பக்கத்தில் மூச்சு வாங்குகிறவனுக்குத் தண்ணீர் பாட்டிலை நகர்த்துகிறானா? அவருக்கு அதுதான் வேண்டும். ஆட்டம் முடிந்ததும் வெளியே போய் நின்றுகொண்டு, தோற்ற பையன்கள் வேனில் ஏறுகிற லட்சணத்தையும் ஒரு நோட்டம் விடுவார்.

நான் வானொலிக்காரன். காலையில் கோதுமை விலையும் மாட்டு விலையும் வாசிக்கிற இதே வாய்தான் சாயங்காலம் ஆல்டன் க்ரீக் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து ஆட்டத்தையும் வர்ணிக்கும். வளவளவென்று பேசுவது என் பிழைப்பு. ஆனால் வென்டலைப் பற்றிப் பேசும்போது மட்டும் நான் அளந்துதான் பேசுவேன்.

அவர் எங்கள் பல்கலைக்கழக அணியின் உதவிப் பயிற்சியாளர். ஜூக்கோ பையன்களைத் தேடிப் பிடித்துக் கூட்டிவருவது அவர் வேலை. ஜூக்கோ என்றால் ஜூனியர் காலேஜ், இரண்டு வருஷப் படிப்பு. மார்க் போதாதவன், தாமதமாக உயரம் வளர்ந்தவன், ஒருவர் கண்ணிலும் படாமல் போனவன் எல்லாம் அங்கே வந்து சேர்வார்கள். இரண்டு வருஷம் ஆடுவதற்குள் எந்தப் பல்கலைக்கழகமாவது வந்து கூட்டிப்போனால் மீதி இரண்டு வருஷம் அங்கே ஆடலாம். ஒருவரும் வராவிட்டால் ஊருக்குத் திரும்பிக் கிடைத்த வேலையைப் பார்க்க வேண்டியதுதான். வென்டலும் இளவயதில் ஒரு ஜூக்கோ பையன்தான். அவரைத் தேடி ஒருவரும் வரவில்லை. தானிய லாரி ஓட்டப் போனார். அந்த வருத்தம் அவருக்குள் அப்படியே இருந்தது என்று நினைக்கிறேன். கான்சாஸின் எந்த மூலையில் ஆட்டம் நடந்தாலும், எவ்வளவு பனி கொட்டினாலும், "யாராச்சும் போய்ப் பாக்கணும்ல" என்று காரை எடுத்துவிடுவார்.

உதவிப் பயிற்சியாளர் பிழைப்பு நாடோடிப் பிழைப்பு. தலைமைப் பயிற்சியாளரைப் பல்கலைக்கழகம் துரத்தினால் அவருக்குக் கீழே இருப்பவர்களும் கூடவே மூட்டை கட்ட வேண்டும். வென்டலும் அவர் மனைவி ஆர்லீனும் ஊர் ஊராக வாடகை வீட்டில் குடியிருந்து அலுத்துப்போனவர்கள். ஆல்டன் க்ரீக்கில்தான் முதன்முதலாக ஒரு வீடு வாங்கினார்கள். ஆர்லீன் பின்பக்கம் ஒரு பீச் மரக் கன்று வைத்தாள்.

"யோவ் வென்டல், இது காய்க்க மூணு வருஷம் ஆகுமாம். அதுவரைக்கும் எந்தக் கோமாளித்தனமும் பண்ணி வேலையத் தொலைச்சுடாதே, சொல்லிட்டேன்" என்று என் முன்னாலேயே மிரட்டினாள்.

அந்த வருஷமே அவர் கோமாளித்தனம் பண்ணினார். தொண்ணூற்றேழாம் வருஷம் அது. அணியில் ஒரே ஓர் இடம் பாக்கி. தலைமைப் பயிற்சியாளர் லைல் காக்ரனுக்கு அது வேலையின் கடைசி வாய்ப்பு. அந்தப் பருவத்து ஆட்டங்களில் தோற்றால் வெளியே. அவர் உயர்நிலைப் பள்ளியிலிருந்து ஒரு பொடியனைத் தேடிக்கொண்டிருந்தார். வென்டல் ஒற்றைக் காலில் நின்றார்.

"லைல், பள்ளிக்கூடப் பையன் நாளைக்கு நல்லா வருவான்னு நம்பி வாங்குறது. ஜூக்கோ பையன் ஏற்கனவே அடிபட்டு வந்தவன். அவனுக்கு இருபத்தியொரு வயசு. தன் துணியத் தானே துவைப்பான். பெஞ்சுல உக்காந்தா அம்மாவுக்குப் போன் போட்டு அழமாட்டான். நமக்கு ஆள் இந்த வருஷம் வேணும், நாலு வருஷம் கழிச்சு இல்ல."

"சரிய்யா. கூட்டிட்டு வா. ஆனா அவன் கவுந்தான்னா, ஆட்டமெல்லாம் முடிஞ்சதும் ஏப்ரல்ல நீயும் அவன்கூடவே கிளம்பணும். முன்னாடியே சொல்லிட்டேன்" என்றார் காக்ரன்.

வென்டல் கூட்டிவந்த பையன் பெயர் கோர்டெல் ஸ்பில்லர். செயின்ட் லூயிஸ்காரன். ஒற்றைப் பையோடு பஸ்ஸிலிருந்து இறங்கினான். ஜூக்கோவில் அவனைப் போல் புள்ளி எடுத்தவன் கிடையாது. இங்கே வந்து, அடித்ததெல்லாம் வளையத்தில் பட்டுத் தெறித்தது. சக ஆட்டக்காரன் தன்னந்தனியாக வளையத்தடியில் நின்று கையை ஆட்டுவான். இவன் தூரத்திலிருந்தே பந்தை வீசுவான். கிறிஸ்துமஸுக்குள் ஊர் அவனைக் கரித்துக்கொட்ட ஆரம்பித்துவிட்டது. "வந்த பஸ்லயே ஏத்தி அனுப்புங்கப்பா!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கத்தியது என் ஒலிவாங்கி வழியாக மாவட்டம் முழுக்கக் கேட்டது. எனக்கே அவமானமாக இருந்தது. ஆர்லீன் கடைத்தெருவில் என்னை நிறுத்தி, "உண்மையச் சொல்லு, வீட்டக் காலி பண்ண நான் அட்டைப்பெட்டி சேர்க்க ஆரம்பிக்கணுமா?" என்றாள். சிரித்தபடிதான் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வென்டலுக்குக் குழப்பம். பெஞ்சில் அந்தப் பையன் தங்கமாக இருந்தான். தண்ணீர் நகர்த்தினான், துண்டை மடித்து வைத்தான். ஆடுகளத்தில் இறங்கியதும்தான் வேறு ஆளாகிவிட்டான். ஒருநாள் ஆட்டத்தில் வென்டல் தன் வழக்கத்தை மாற்றி, கோர்டெலின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். பந்து கைக்கு வரும் ஒவ்வொரு தடவையும் பையன் வளையத்தைப் பார்ப்பதற்கு முன்னால் பார்வையாளர் பக்கம், அதிலும் மேல்வரிசையை, ஒரு கணம் பார்த்தான். அப்புறம்தான் வீசினான்.

மறுநாள் காலை பயிற்சிக்கு நான் பேட்டி எடுக்கப் போயிருந்தேன். வென்டல் அவனை என் பக்கத்திலேயே உட்கார வைத்தார்.

"ஏன்டா தம்பி, மேல யாரைத் தேடுற?"

"யாரையும் இல்ல கோச்."

"பொண்ணா? இருந்தா சொல்லு, முன்வரிசையில உக்காத்தி வைக்கிறேன்."

பையன் சிரித்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

"பழக்கம் கோச். அங்க இருந்தப்ப, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மேல யாராச்சும் சட்டை இன் பண்ணிட்டு உக்காந்திருப்பாங்க. எந்தக் காலேஜ்னு தெரியாது. யாரைப் பாக்க வந்தாங்கன்னும் தெரியாது. பந்தைக் குடுத்துட்டா அவங்க கண்ணுல படமாட்டோம். அடிச்சாத்தான் பேரை விசாரிப்பாங்க. எல்லாரும் அப்படித்தான் ஆடுவோம்."

அந்த இரண்டு வருஷமும் அவனுக்கு ஆட்டமே அல்ல, நேர்முகத் தேர்வு. அது முடிந்துவிட்டது என்று அவனிடம் ஒருவரும் சொல்லவில்லை போலிருக்கிறது. வென்டல் வாயிலிருந்த விதைத் தோலைக் கோப்பையில் துப்பினார்.

"டேய், இங்க பாரு. இனிமே எவனும் வரமாட்டான். வரவேண்டியவன் வந்தாச்சு. நான்தான் வந்தேன். உன்னைத்தான் பாக்க வந்தேன். பாத்தும் முடிச்சாச்சு. நீ இனிமே சும்மா ஆடினாப் போதும்."

பையன் குனிந்து காலணிக் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினான்.

ஒரே நாளில் மாறிவிட்டான் என்று சொன்னால் அது வானொலிக்காரன் புளுகு. பழைய புத்தி அடிக்கடி தலைகாட்டியது. ஆனால் ஜனவரி முடிவதற்குள் பந்தைக் கொடுக்க ஆரம்பித்தான். கொடுக்க ஆரம்பித்ததும் மற்றவர்கள் அவனிடம் திருப்பிக் கொடுத்தார்கள். கடைசி உள்ளூர் ஆட்டத்தில், ஒரு புள்ளி பின்தங்கி, நேரம் தீரப்போகும்போது பந்து அவன் கையில். ஊர் முழுக்க எழுந்து நின்றது. பையன் மேலே பார்க்கவே இல்லை. தன்னை மூன்று பேர் வளைத்துக்கொண்டதும் வளையத்தடியில் தனியாக நின்றவனிடம் தள்ளிவிட்டான். அவன் அதை வளையத்துக்குள் போட்டான், ஜெயித்தோம். நான் என்ன கத்தினேனோ தெரியாது. மறுநாள் கோதுமை விலை வாசிக்கக் குரல் இல்லை.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிற விஷயம். ஜெயித்த காக்ரனைக் கிழக்கே ஒரு பெரிய பல்கலைக்கழகம் கொத்திக்கொண்டு போயிற்று. "அங்க ஜூக்கோ பையன்கள எடுக்கிற வழக்கம் இல்ல வென்டல், உனக்கு வேலை இருக்காது, கோச்சுக்காதே" என்று முதுகில் தட்டிவிட்டுக் கிளம்பினார். புதிதாக வந்தவர் தன் ஆட்களோடு வந்தார். தோற்றால் போகும் என்று பயந்த வேலை ஜெயித்ததால் போயிற்று.

ஆர்லீன் அட்டைப்பெட்டி சேர்க்கவில்லை. "இந்தத் தடவை நான் நகரமாட்டேன். நீ வேணா போ, வாரக்கடைசியில வந்து மரத்துக்குத் தண்ணி ஊத்து" என்றாள். அதனால் வென்டல், ஒரு மணி நேரக் கார்ப் பயணத்தில் இருக்கும் மெர்டன் என்ற சிற்றூரின் ஜூக்கோவில், குறைந்த சம்பளத்துக்குப் பயிற்சியாளராகச் சேர்ந்தார். வேனையும் அவரே ஓட்டினார். இத்தனை காலம் தேடிப் போனவர், இப்போது தன் பையன்களை யாராவது தேடி வரமாட்டார்களா என்று உட்கார்ந்திருந்தார். மெர்டன், வழி தவறிப்போகிறவர்கள் மட்டும் பார்க்கிற ஊர். அவருடைய பையன்கள் பந்தைத் தொட்டதும் மேல்வரிசையைப் பார்ப்பார்கள். அங்கே கிழவர் ஒருவர் குளிருக்கு ஒதுங்கி வந்து தூங்கிக்கொண்டிருப்பார். வென்டலின் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருக்கும்.

கோர்டெல் படிப்பை முடித்தான். பல்கலைக்கழகத்திலேயே கடைநிலை உதவிப் பயிற்சியாளனாக ஒட்டிக்கொண்டான். அதை வென்டலுக்கு நான்தான் சொன்னேன். "பாவி, இந்தப் பிழைப்புக்கா வந்தான்" என்று திட்டினார், திட்டும்போதே பல் தெரிந்தது.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை மெர்டன் ஆட்டத்தை ஒலிபரப்பப் போயிருந்தேன். பாதி ஆட்டத்தில் கதவு திறந்து குளிர்காற்று வந்தது. சட்டையை இன் பண்ணிக்கொண்டு ஓர் ஆள் படியேறி மேல்வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்தான். பாக்கெட்டிலிருந்து விதையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். கையில் காகிதக் கோப்பை. பந்து ஒரு பக்கம் ஓட, கோர்டெல் ஸ்பில்லர் மெர்டன் பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பையன்கள் மோப்பம் பிடித்துவிட்டார்கள். அடுத்த மூன்று பந்துகளையும் கண்டபடி வீசினார்கள். வென்டல் நேரம் கேட்டு ஆட்டத்தை நிறுத்தி, அவர்களைச் சுற்றி நிற்கவைத்தார். என் மேசை பெஞ்சுக்குப் பக்கத்தில்தான், எல்லாம் கேட்டது.

"மேல பாக்காதீங்கடா" என்றார். "வரவேண்டியவன் வந்தாச்சு."

சொல்லிவிட்டு அவரே இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.