ரேஸ் படம் பார்த்துத் திரும்பிய சாயங்காலம்

அண்ணனுக்கு அப்போது பதிமூன்று வயது, எனக்கு ஒன்பது. வீட்டுக் கம்ப்யூட்டரில் அவன் ஒரு கார் ரேஸ் விளையாட்டைப் பைத்தியமாக ஆடிக்கொண்டிருந்தான். போலீஸ் துரத்த, நகரத்துத் தெருக்களில் கார்கள் சீறிப் பாயும். அதையே சினிமாவாக எடுத்து, தமிழிலும் பேசவைத்து, கோயம்புத்தூரில் ஓட்டுகிறார்கள் என்று தெரிந்ததிலிருந்து மாநில எல்லை தாண்டி இருந்த எங்கள் எலப்புள்ளி வீட்டில் வேறு பேச்சே இல்லை.

அப்பா நெல்லும் தென்னையும் பார்க்கிறவர். சினிமாவுக்கும் அவருக்கும் வெகுதூரம். ஆனால் கோயம்புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் கண்ணைக் காட்ட வேண்டியிருந்தது. காலையில் ஆஸ்பத்திரி, மதியம் படம் என்று முடிவு செய்து, ஒரு சனிக்கிழமை எங்கள் இருவரையும் பழைய வெள்ளைக் காரில் ஏற்றிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் அண்ணன் வெளியே உட்கார்ந்துகொண்டான். நான் அப்பாவோடு உள்ளே போனேன். நர்ஸ் அப்பாவின் கண்ணில் சொட்டு மருந்து விட்டார். டாக்டர் விளக்கடித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு அப்பாவிடம் ஏதோ பேசினார். கிளம்பும்போது நர்ஸ், “இன்னிக்கு வண்டி ஓட்டக்கூடாதுங்க. கூட ஆள் வந்திருக்காங்களா?” என்று கேட்டார்.

“இருக்குதுங்க” என்று அப்பா என் தோளில் கை வைத்தார்.

தியேட்டர் வரைக்கும் ஆட்டோவில்தான் போனோம். கார் ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றது. படம் தொடங்கியதும் அண்ணன் சீட்டின் நுனிக்குப் போய்விட்டான். கார்கள் ஒன்றையொன்று இடித்தன, பாலத்திலிருந்து பறந்தன, கவிழ்ந்து எரிந்தன. ஒவ்வொரு முறை எரியும்போதும் எனக்கு நர்ஸின் குரல் கேட்டது. ஆஸ்பத்திரியில் கொடுத்த கறுப்புக் கண்ணாடியை அப்பா கழற்றவில்லை. “இப்ப என்னாச்சு?” என்று காதோரம் கேட்டுக்கொண்டே இருந்தார். “செவப்புக் கார் முந்தீருச்சுங்கப்பா” என்று நான் சொல்வேன். பின் வரிசைக்காரர் இரண்டு முறை ‘ச்சு’ கொட்டினார்.

படம் விட்டு வெளியே வந்ததும் மெல்லக் கேட்டேன். “பஸ்ஸுல போயிரலாமுங்கப்பா?”

“வண்டிய உட்டுப்போட்டா? மெதுவா போலாஞ் சாமி.”

ஆட்டோவிலேயே ஆஸ்பத்திரி வாசலுக்குத் திரும்பினோம். எப்போதும் அண்ணன்தான் முன் சீட்டில் உட்காருவான். அன்று அப்பா என்னைக் கூப்பிட்டார். “நீ முன்னால உக்காரு. எதுக்கால என்ன வருதோ அத்தனையும் சொல்லிக்கிட்டே வரோணும். ரேஸ்ல எல்லாம் அப்படித்தானாமா.” அண்ணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பின்னால் ஏறினான்.

ஊர் தாண்டும்வரை பிழைத்தோம். எல்லையிலுள்ள வாளையாற்றை நெருங்கியதும் வெயில் நேரே முகத்தில் அடித்தது. அந்த நேரத்தில் மேற்கே போகிறவர்களுக்குச் சூரியன் ரோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கும். அப்பா ஸ்டியரிங்கின் மேல் குனிந்தார். சைக்கிள் வேகத்தில்தான் போனோம். பின்னால் வந்த வண்டியெல்லாம் ஹாரனடித்துத் திட்டிக்கொண்டு கடந்தது. “சைடு வாங்குங்கப்பா, அமுக்குங்க!” என்று அண்ணன் துள்ளினான். நான் “பஸ்ஸு... பைக்கு... பொம்பளை குறுக்க வர்றா” என்று ஒப்பித்தபடி இருந்தேன். தொண்டை காய்ந்துவிட்டது.

செக்போஸ்டுக்குச் சற்று முன்னால் ஒரு லாரி நின்றிருந்தது. கட்டடக் கம்பிகள் பின்பக்கம் ஓர் ஆள் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தன. நுனியில் சிவப்புத் துணி ஆடியது. அவ்வளவு பெரிய லாரி. அதைப் போய்ச் சொல்வார்களா என்று நான் சொல்லவில்லை. கார் ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது.

“அப்பா!” என்று அண்ணன் அலறினான்.

கார் குலுங்கி நின்றது. என் நெற்றி டேஷ்போர்டில் இடித்தது. நிமிர்ந்தபோது கண்ணாடிக்கு வெளியே, ஒரு சாண் தூரத்தில், கம்பி நுனிகள் தெரிந்தன.

அப்பாவின் கைகள் ஸ்டியரிங்கை விடவில்லை.

“ஏஞ் சாமி சொல்லுல?”

“உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சனுங்கப்பா.”

அவர் என் நெற்றியைத் தடவிப் பார்த்தார். “தெரியும்னு நெனைக்கறதையும் சொல்லு” என்றார்.

அதற்குப் பிறகு காக்கை, கல், கரண்டுக் கம்பம் எதையும் விடவில்லை. கஞ்சிக்கோட்டில் ஃபாக்டரி ஷிப்டு விட்டு ஆட்கள் கூட்டமாக ரோட்டைக் கடந்தார்கள். எண்ணி எண்ணிச் சொன்னேன். அண்ணன் அதன்பிறகு அமுக்கச் சொல்லவில்லை. முன் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு, என் கண்ணில் படாததையெல்லாம் சேர்த்துச் சொன்னான்.

வீட்டு வாசலில் கார் நின்றதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மாவிடம் அண்ணன் கம்பி லாரியைப் பற்றிக் கொட்டிவிட்டான். அம்மா அப்பாவைப் பார்த்தார். “ஏனுங்க, டாக்டரு என்ன சொன்னாரு?” என்று மட்டும் கேட்டார். இருவரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அம்மா இரண்டு நாள் அப்பாவிடம் சரியாகப் பேசவில்லை. எங்களைச் சினிமாவுக்குக் கூட்டிப்போன கோபம் என்று எடுத்துக்கொண்டோம்.

அந்தச் சொட்டு மருந்தால் வந்த மங்கல் சில மணி நேரத்தில் தெளிந்துவிடக்கூடியது. அப்பாவின் கண் அதற்கு முன்பே மங்கத் தொடங்கியிருந்தது, பிறகும் அது தெளியவில்லை. இதையெல்லாம் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

அடுத்த திங்கட்கிழமை, சைக்கிள்கூட ஓட்டத் தெரியாத அம்மா, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கஞ்சிக்கோட்டில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் போய்ச் சேர்ந்தார். படம் பார்க்காமலே அம்மாவுக்கும் ரேஸ் பைத்தியம் பிடித்துவிட்டது என்று அண்ணனும் நானும் விழுந்து விழுந்து சிரித்தோம். அப்பாவும் எங்களோடு சேர்ந்து சிரித்தார்.