தனி ஆளுக்கு ஏற்ற வண்டி

மேட்டுக்காரரின் பேரிக்காய்த் தோட்டம் குன்றின் சரிவில் இருந்தது. தோட்டத்துக்கு மேலே அவர் வீடு. கீழே பெரிய சாலையோரம் பழம் வாங்கும் கொட்டகை. இரண்டுக்கும் நடுவே ஒரு மண்பாதை, வளைவுக்கு மேல் வளைவு. மழை பெய்தால் அது பாதையா ஓடையா என்று யாராலும் சொல்ல முடியாது.

பல வருடங்களாக அந்தப் பாதையில் அவருக்காக ஏறி இறங்கியது ஒரு வாடகை ஜீப். அதை ஓட்டியவரை எல்லோரும் ஹார்ன் என்றுதான் கூப்பிட்டார்கள். எதிரே ஓர் ஆடுகூட வராத வளைவிலும் ஹார்ன் அடிக்காமல் திரும்ப மாட்டார். பறிப்பு நாளில் பழம் பறிக்கும் பெண்களைக் காலையில் ஏற்றிக்கொண்டு வருவார். சாயங்காலம் பழப்பெட்டிகளோடு அவர்களையும் இறக்கிக்கொண்டு போவார். இடைப்பட்ட நேரத்தில் அவருக்கு வேலை கிடையாது. வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து டீ குடித்தபடி தன் மாமியாரைப் பற்றியும் முட்டிவலியைப் பற்றியும் உலக நடப்பைப் பற்றியும் பேசிக்கொண்டே இருப்பார். "ஹார்ன் அண்ணன் வாயை மூடினா ஜீப்பும் நின்னுடும்" என்று பறிக்கும் பெண்கள் சிரிப்பார்கள். மேட்டுக்காரர் அளந்து பேசுகிறவர். அவர் 'ம்' கொட்டுவார். ஹார்னுக்கு அது போதும்.

மேட்டுக்காரரின் மனைவி நகரத்தில் மகள் வீட்டில் இருந்தார். மகளின் முதல் பிரசவத்துக்குப் போனவர். "குழந்தைக்குத் தலை நிக்கட்டும், வந்துடறேன்" என்றார். தலை நின்றது, நடை வந்தது, அடுத்த குழந்தையும் பிறந்தது. மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போகிறவர்கள், அம்மா இல்லாமல் அங்கே ஒரு நாள் ஓடாது. இதில் சண்டை ஒன்றும் இல்லை. நீங்களும் வந்துவிடுங்கள் என்று மனைவி சொல்வார். மரத்தை யார் பார்ப்பது என்று இவர் கேட்பார். அதோடு பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும்.

ஒரு பறிப்புக் காலத்தில் ஜீப்பின் கியர்பாக்ஸ் போயிற்று. மழையும் பிடித்துக்கொண்டது. பறித்து அடுக்கிய பெட்டிகள் வீட்டு முற்றத்திலேயே கிடந்து அழுகின. விஷயத்தைக் கேட்ட மாப்பிள்ளை அடுத்த வாரமே அவரை வண்டி விற்கிற இடத்துக்கு அழைத்துப் போய்விட்டார்.

அங்கே நின்றது பச்சை நிறத்தில் ஒரு குட்டி வண்டி. முன்னால் இரண்டு இருக்கை, பின்னால் சரக்குத் தொட்டி, கதவு கிடையாது, சக்கரம் மட்டும் உடம்புக்கு மீறின பருமன். நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். எந்தச் சரிவிலும் ஏறும்.

"யாரையும் எதிர்பார்க்க வேண்டாம் மாமா. தனி ஆளுக்கு ஏத்த வண்டி" என்றார் மாப்பிள்ளை.

அவர் சொன்னது பொய் இல்லை. முதல் சில மாதங்கள் மேட்டுக்காரர் புது மாப்பிள்ளை போலத்தான் இருந்தார். இறக்கத்தில் பிரேக்கை நம்பாமல் சின்ன கியரில் இறங்கக் கற்றுக்கொண்டார். சுமையோடு சரிவைக் குறுக்கே கடக்கக் கூடாது, நேராக ஏறி நேராக இறங்க வேண்டும் என்பதை ஒரு தடவை ஒரு பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும்பியபோதுதான் தெரிந்துகொண்டார். தலையில் சுமந்த எருவை இப்போது தொட்டி சுமந்தது. லிவரை இழுத்தால் தொட்டி தூக்கிக்கொண்டு தானே கொட்டியது. மருந்தடிக்கும் தண்ணீர், வேலிக்கல், வெட்டிய கிளைகள் எல்லாம் ஏறின, இறங்கின. வருடக்கணக்காகப் பிடித்திருந்த இடுப்புவலி சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது.

இன்னொரு மாற்றமும் நடந்தது. அதை அவர் திட்டம் போட்டுச் செய்யவில்லை. முன்பெல்லாம் ஒரு ஜீப் நிறையப் பழம் சேர வேண்டும், அதற்கு ஒரே நாளில் பறிக்கப் பல கைகள் வேண்டும். இப்போது அந்தக் கட்டாயம் இல்லை. காலையில் எழுந்து, பதம் வந்த பழங்களைத் தானே சில பெட்டி பறித்து, வெயில் ஏறுவதற்குள் கொட்டகையில் இறக்கிவிட்டு வந்துவிடலாம். மறுநாள் மறுபடியும். பழமும் அடிபடாமல் நல்ல விலைக்குப் போயிற்று.

ஜீப்பைச் சரிசெய்த பிறகு ஹார்ன் ஒரு தடவை போன் செய்தார். "இந்த வாரம் ஆளுங்களைக் கூட்டிட்டு வரட்டுமாண்ணே?"

"இந்த வாரம் வேணாம்ப்பா. நானே பார்த்துக்கிறேன்."

"சரிண்ணே." அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை.

கொட்டகையில் எடை போடுகிறவர் எடையைச் சொல்வார், சீட்டைக் கிழித்துக் கொடுப்பார், அடுத்த வண்டியைப் பார்ப்பார். அதோடு அன்றைய மனித சகவாசம் முடிந்தது. சமையலறை அலமாரியில் கவிழ்த்து வைத்த டீ டம்ளர்கள் அப்படியே இருந்தன, ஒன்றைத் தவிர. வண்டியில் பக்கத்து இருக்கையில் கிளை வெட்டும் ரம்பமும் சாப்பாட்டுத் தூக்கும் உட்கார்ந்து வந்தன. மழையால் கொட்டகை மூடியிருந்த ஒரு நாள் சாயங்காலம் மனைவி போனில் அழைத்தபோது, மேட்டுக்காரருக்குக் குரல் எழும்பவில்லை. இரண்டு தடவை கனைத்தார்.

"என்னங்க, தூங்கிட்டிருந்தீங்களா? குரல் ஒரு மாதிரி இருக்கு."

"தூசி" என்றார். அன்று காலையிலிருந்து அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அதுதான். தூசி கிளம்பாத மழைக்காலம் என்பது மனைவிக்கு எட்டவில்லை. பின்னால் பேரக்குழந்தைகள் கத்திக்கொண்டிருந்தார்கள்.

மழை கொஞ்சம் விட்ட ஒரு மத்தியானம். வண்டிக்கு கிரீஸ் வைக்க ஸ்பானரை எடுத்துக்கொண்டு குனிந்தவர், இருக்கையைத் தூக்கி பேட்டரி வயரின் நட்டைக் கழற்றினார். ஏன் கழற்றினார் என்பது கழற்றி முடித்தபிறகுதான் அவருக்கே புரிந்தது. நட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஹார்னுக்கு போன் செய்தார்.

"வண்டி உசுரே வர மாட்டேங்குதுப்பா. கொஞ்சம் வந்து பார்க்கிறியா? பெட்டியெல்லாம் வேற அப்படியே கிடக்கு."

மறுநாள் காலை கீழ் வளைவிலிருந்து ஹார்ன் சத்தம் ஒவ்வொரு வளைவாக மேலே ஏறி வந்தது. மேட்டுக்காரர் அடுப்பில் பால் வைத்தார். அலமாரியிலிருந்து இன்னொரு டம்ளரை எடுத்து இரண்டு தடவை கழுவினார்.

ஹார்ன் கொஞ்சம் இளைத்திருந்தார். இப்போது கட்டட வேலைக்கு மணல் அடிக்கிறாராம். வந்த வேகத்தில் பச்சை வண்டியைச் சுற்றி வந்து, சாவியைத் திருகிப் பார்த்து, இருக்கையைத் தூக்கினார். குனிந்து உள்ளே பார்த்தார்.

"அண்ணே, வயரு கழண்டிருக்கு."

"அப்படியா?"

"நட்டையே காணோம். குலுங்கி விழுந்திருந்தா இந்த அடித்தட்டுலதான் கிடக்கணும்." கையை விட்டுத் துழாவினார். "இங்க இல்லையே. எங்க போயிருக்கும்?"

மேட்டுக்காரரின் கை அவரைக் கேட்காமலே சட்டைப் பைக்குப் போய்விட்டது. போன கையை என்ன செய்வதென்று தெரியாமல் அங்கேயே வைத்துக்கொண்டு நின்றார். ஹார்ன் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு வாங்குவதற்காகத் தன் கையை நீட்டினார். மேட்டுக்காரர் நட்டை எடுத்துக் கொடுத்தார்.

ஹார்ன் பேசாமல் நட்டை முடுக்கினார். அவர் பேசாமல் ஒரு வேலை செய்து அன்றுதான் மேட்டுக்காரர் பார்த்தார். வண்டி ஒரே திருகில் உறுமியது.

"என்னை மெனக்கெட வச்சிட்டீங்களேண்ணே" என்றார் ஹார்ன். கோபமாகத் தொடங்கியது, முடியும்போது கோபமாக இல்லை. "கூப்பிட்டா வர மாட்டேனா? வாப்பான்னு ஒரு வார்த்தை சொன்னா போதாதா?"

"என்னன்னு சொல்லிக் கூப்பிடுறது?"

ஹார்ன் டம்ளரை எடுத்தார். டீயைக் குடித்தார். "ஞாயித்துக்கிழமை வரேன். வேலையா இல்ல, சும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சொன்னபடி வந்தார். மேட்டுக்காரர் வெளியே நாற்காலி போட்டு வைத்திருந்தார். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ஹார்ன் மாமியாரைப் பற்றிச் சொன்னார், முட்டியைப் பற்றிச் சொன்னார். சீக்கிரமே சரக்கு தீர்ந்துவிட்டது. முன்பு ஒரு கண் பறிப்பின் மேலும் ஒரு கண் பெட்டிகளின் மேலும் இருக்கும். அந்தச் சாக்கில் பேச்சு தானாக வந்து போகும். இப்போது பேசுவதற்கென்றே உட்கார்ந்ததும், பெண் பார்க்க வந்த வீட்டில் உட்கார்ந்த மாதிரி ஆகிவிட்டது. ஹார்ன் செருப்பால் மண்ணைக் கீறினார். மேட்டுக்காரர் 'ம்' கொட்டினார், எதுவும் சொல்லப்படாததற்கும் சேர்த்து.

"மேல கிளை வெட்டிப் போட்டது கிடக்கா?" என்று கடைசியில் ஹார்ன் கேட்டார்.

"கிடக்கு."

இருவரும் எழுந்து போய்ப் பச்சை வண்டியில் கிளைகளை ஏற்றினார்கள். இரண்டாவது நடையில் ஹார்னின் வாய் திறந்துகொண்டது. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, "மெதுவாண்ணே, மெதுவா! எனக்கு இன்னும் ஆயுசு இருக்கு!" என்று கத்திக்கொண்டே வந்தார். ஒவ்வொரு வளைவிலும் கை நீட்டி வண்டியின் ஹார்னையும் அவரே அடித்தார். சாயங்காலம் வரை அப்படிப் போயிற்று. மேட்டுக்காரர் அன்று வயிறு குலுங்கச் சிரித்ததை மனைவியிடம் போனில் சொன்னார். எதற்குச் சிரித்தோம் என்று விளக்க வரவில்லை.

இப்படி இன்னும் சில ஞாயிறுகள். பிறகு ஹார்னுக்குத் தூரத்தில் அணை வேலையில் வண்டி ஓட்டக் கூப்பிட்டார்கள். நல்ல சம்பளம், தங்க இடம். போகும்போது வந்து சொல்லிக்கொண்டார். "நட்டெல்லாம் பத்திரம்ணே" என்றார். நேரில் அவர் பேசியது அதுதான் கடைசி. பிறகு போனில் எப்போதாவது.

அடுத்த பறிப்புக் காலத்தில் மேட்டுக்காரர் ஒரு முடிவு எடுத்தார். கீழே போய் வேறொரு ஜீப்பைப் பேசி, பறிக்கும் பெண்களையும் வரச் சொல்லிவிட்டு வந்தார்.

"அதான் வண்டி வாங்கியாச்சே. ஜீப்புக்கும் கூலிக்கும் எதுக்கு வெட்டியா அழறீங்க?" என்று மனைவி போனில் கேட்டார்.

"பழம் அதிகமா இருக்கு" என்றார். அந்த வருடம் காய்ப்பு சுமார்தான்.

புது ஜீப்காரர் காதில் எதையோ மாட்டிக்கொண்டு ஜீப்புக்குள்ளேயே படுத்துவிட்டார். டீ வேண்டாம் என்று கையசைத்தார். பெண்களில் பாதிப் பேர் புதிது. அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள், யாரோ ஒருத்தியின் நாத்தனாரைப் பற்றி. மேட்டுக்காரரிடம் பெட்டி எங்கே என்று கேட்டார்கள், ஏணி எங்கே என்று கேட்டார்கள். அதற்கு மேல் அவரிடம் பேச அவர்களுக்கு எதுவும் இல்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

நிறைந்த பெட்டிகளை மரத்தடியிலிருந்து ஜீப் நிற்கிற இடத்துக்குப் பச்சை வண்டியில் கொண்டுவந்து சேர்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் மரங்களின் நடுவே இஞ்சினை அணைத்துவிட்டு, ஏற்றுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தார். இலைகளுக்குப் பின்னால் ஒருத்தி நாத்தனார் மாதிரியே பேசிக் காட்ட, மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கதை முடிந்ததும் இறங்கிப் பெட்டிகளைத் தூக்கி அடுக்கினார்.