விதைத்தவர் பெயர்

போன வாரம் செய்யது பாயின் இரும்புக்கடையில் உட்கார்ந்திருந்தேன். கோவில்பட்டி பஜார் பக்கம் போனால் அங்கே ஒரு டீ குடிக்காமல் நான் திரும்புவதில்லை. அப்போது பேச்சியம்மாள் வந்தார். பயிர்ச் சேத நிவாரணப் பணம் அக்கவுண்டில் ஏறிவிட்டதாம். அதைச் சொல்லிவிட்டுப் போகத்தான் பஸ் ஏறி வந்திருக்கிறார்.

ஏறாமலே போயிருக்க வேண்டிய பணம் அது...

இடைசெவல் பக்கம் பாய்க்கு மூன்று ஏக்கர் கரிசல் காடு உண்டு. பாய் கடையை விட்டு நகரமாட்டார். பல வருடமாக அதைக் குத்தகைக்கு உழுவது பேச்சியம்மாள்தான். கணவர் லாரி டிரைவர். பாதி நாள் வெளியூர். குத்தகைக்கு எழுத்து எதுவும் கிடையாது — வாய்ப்பேச்சுதான்.

இந்த முறை உளுந்து. நெற்று காய்ந்து, பறிக்க ஆள் சொல்லியிருந்த நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. விடவேயில்லை. செடியிலேயே உளுந்து முளைத்துப் போனது.

அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது. யாருக்கு? சாகுபடி செய்தவருக்கு. யார் சாகுபடி செய்தவர்? வி.ஏ.ஓ. எழுதும் பயிர்ப் பதிவேடான அடங்கலில் யார் பெயர் இருக்கிறதோ, அவர். அதில் இருந்தது பாயின் பெயர்.

நிலத்துக்காரர் சம்மதக் கடிதம் கொடுத்தால் மாற்றிவிடலாம் என்று வி.ஏ.ஓ. சொல்ல, அதைக் கேட்க பேச்சியம்மாள் கடைக்கு வந்தார். அன்றும் நான் அங்கே இருந்தேன்.

பாய் பேனாவை எடுத்துவிட்டார். தடுத்தது மகன் அனிஸ்.

"வாப்பா, கொஞ்சம் பொறுங்க. குத்தகைக்காரவியன்னு எழுத்துல ஏறிட்டா, பொறவு நிலத்தக் கேக்க முடியாது. கோர்ட்டுக்கு யாரு அலையுதது?"

அவன் பயத்திலும் நியாயம் இருந்தது. பலர் குத்தகையைக் காகிதத்தில் காட்டாததற்கு இந்தப் பயம்தானே காரணம்?

பேச்சியம்மாளின் முகம் சுருங்கிவிட்டது.

"எம் பேரு வேண்டாம் அண்ணாச்சி. ஒங்க கணக்குலயே வரட்டும். வந்ததும் கையில குடுங்க, போதும்."

பாய் மகனைப் பார்த்தார்.

"ஏலே, மழை பெய்யும்போது நாம எங்கன இருந்தோம்?"

"கடையிலதான்."

"காட்டுல நின்னது இவிய. விதைச்சதும் இவிய. எனக்கு நட்டம்னு கவர்மெண்டுகிட்ட நான் எப்படிப் பொய் சொல்லுதது?"

கையெழுத்துப் போட்டார். "என்னமும் செய்யுங்க" என்று முணுமுணுத்த அனிஸ், கடிதத்தை வாங்கிப் பார்த்தான். சர்வே நம்பர் தப்பாக இருந்தது. திருத்தி எழுதிக் கொடுத்ததும் அவன்தான்.

இப்போது பணம் வந்துவிட்டது. உழவுக்கும் விதைக்கும் போட்டதில் பாதிகூடத் தேறாது என்றார் பேச்சியம்மாள். ஆனால் அவர் பெயருக்கு வந்த முதல் விவசாயப் பணம்.

"பேங்க்ல நின்ன பொம்பள, 'ஒனக்கு ஏது காடு'ன்னு கேட்டா. காடு என்னுதில்ல, வெள்ளாமை என்னுதுன்னேன்."

சொல்லும்போது குரல் லேசாக நிமிர்ந்திருந்தது. டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

அவர் தலை மறைந்ததும் பக்கத்துப் பாத்திரக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்ன பாய், காட்டை எழுதிக் குடுத்துட்டீங்களாமே?"

பாய் தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அது அங்கனதான் கெடக்கு அண்ணாச்சி. சந்தேகம்னா பஸ் ஏறிப் போய்ப் பாத்துட்டு வாங்க."